முசியே இட்ட முட்டை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவைத்த புண்ணியவான் யாரோ, அவர் அன்ஸ் புவாலோ என்கிற எங்கள் தீவுக் கிராமத்துப் பக்கம் வந்ததே இல்லை. இங்கே ஆமை இல்லாத வீட்டைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பெண் பிறந்தால் உள்ளங்கையில் அடங்குகிற ஆமைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொல்லைப் பட்டியில் விடுவது அந்தக் காலத்து வழக்கம். பெண் வளர வளர ஆமையும் வளரும். அவள் கல்யாணத்தன்று அதை அறுத்துப் பந்தியில் வைப்பார்கள். பெண் கோயிலுக்கு, ஆமை அடுப்புக்கு.

லியோனி லபீஷ் பிறந்தபோதும் அவள் அம்மா ஒரு குட்டியை வாங்கி விட்டாள். ஆண் என்று சொல்லித்தான் விற்றவன் கொடுத்தான். அதனால் ஐயா என்று அர்த்தம் வரும்படி முசியே என்று பெயர் வைத்தார்கள். முசியே மளமளவென்று வளர்ந்தது. லியோனியின் கல்யாணத்துக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். முதல் முறை மாப்பிள்ளை காஸ்தோனின் அப்பா இறந்து தள்ளிப்போனது. இரண்டாம் முறை காஸ்தோனுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. ஒரே ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவன் மொம்பாசாவிலிருந்து ஒரு கடிதம் போட்டான். டர்பனிலிருந்து ஒரு கடிதம். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அதோடு சரி.

ஆக, கத்தி தீட்டி வைத்திருந்தும் முசியே பிழைத்துக்கொண்டது. லியோனி கல்யாணம் நின்றதில் லாபம் பார்த்தது முசியே ஒருத்தர்தான் என்று ஊரில் சொல்வார்கள். லியோனியே அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஐம்பது தாண்டியபிறகு சிரிப்பது நின்றுவிட்டது, சொல்வது மட்டும் நிற்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டாள். யார் யாரோ தேனிலவுக்கு வந்து கசக்கிவிட்டுப் போனதை நீவி நீவி நேராக்கினாள். நடுவில் தங்கை ஒடில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒடிலின் ஆறு வயது மகள் மிரேல் ஒரு துணிப்பையோடு பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். அடுத்த பதினெட்டு வருஷம்தான் அந்த வீட்டில் சத்தம் இருந்த காலம். பிறகு மிரேல் பெர்த் நகரத்துக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போனாள். அங்கேயே கிரெய்க் என்கிற எலெக்ட்ரீஷியனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊரில் இருக்கிற ஒரு வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அங்கே இருக்கிற நாற்பது பேரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். இதை லியோனி சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு மிரேல் போன் செய்வாள். மூன்றரைக்கே லியோனி முகம் கழுவி, நல்ல கவுன் மாற்றி, கூடத்து மேஜைக்கு முன் உட்கார்ந்துவிடுவாள். நான்கு அடித்து ஐந்து நிமிஷம் ஆனால் போனை எடுத்துக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பாள். வாரத்தில் அவளுக்கு அந்த இருபது நிமிஷம்தான் கிழமை. மற்றதெல்லாம் சும்மா விடிந்து சும்மா இருட்டும்.

கல்சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜிஸ் வீடு. பழைய மீனவர். மனைவி ஸீட்டா, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று பதினோரு பேர். இந்தப் பக்கம் ஒருத்தியும் ஓர் ஆமையும்.

போன வருஷம் ஜூலை மாதம் முசியே சாப்பிடுவதை நிறுத்தியது. சர்க்கரைவள்ளிக் கொடியைப் போட்டால் போட்டபடி வாடிக் கிடந்தது. சுவரை ஒட்டி மேலும் கீழும் நடந்தது. பின்னங்கால்களால் மண்ணைப் பறித்தது. பாதி தோண்டிவிட்டு வேறு இடம் போய்த் திரும்பத் தோண்டியது. நான்கு நாளில் ஏழு குழி. லியோனி சுவரருகே போய்க் கூப்பிட்டாள்.

"ரெஜிஸ் அண்ணே, முசியே குழி தோண்டுது."

"தோண்டட்டுமே. கக்கூஸ் கட்டப்போகுதோ என்னவோ."

"விளையாடாதீங்கண்ணே. நாலு நாளா பச்சைத் தண்ணி வாயில படல. சாகப்போற மிருகம் தன் குழியைத் தானே தோண்டுமாம்ல?"

"எவன் சொன்னான்? அதுக்கு என்ன வயசு?"

"என் வயசுதான். அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டெல்லாம் ஆமைக்கு ஒரு வயசா? இன்னும் மீசையே முளைச்சிருக்காது. நூத்தம்பது வரைக்கும் ஓடுற வண்டி அது. குழியைப் பத்தி நீயும் நானும்தான் யோசிக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. முசியேக்கு முன்னால் தான் போய்விடுவோம், அப்புறம் அதற்கு யார் இலை போடுவார்கள் என்பதுதான் அதுவரை அவள் கவலை. அது முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்ததே இல்லை. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். ஆமைக்காக என்று சொல்ல வெட்கமாயிருந்தது. வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை முசியே புன்னை மரத்தடியில் களைத்துப் படுத்திருந்தது. பட்டியின் மூலையில் ஒரு இடத்தில் மட்டும் மண் ஈரமாக, தட்டி மெழுகிவிட்டது மாதிரி இருந்தது. சருகு கூட்டப் போன லியோனி அந்த இடத்தில் வாருகோலை அழுத்தினாள். டொக்கென்று ஏதோ உடைந்தது. கிளறிப் பார்த்தால் மஞ்சள் கரு. அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக இன்னொன்று. சாத்துக்குடி அளவு, சாத்துக்குடி மாதிரியே உருண்டை.

"ரெஜிஸ் அண்ணே! ஓடியாங்க! ஸீட்டா அக்கா!"

பதினோரு பேரும் வந்தார்கள். ரெஜிஸ் சுவரேறிக் குதித்து, குழியைப் பார்த்து, முசியேயைப் பார்த்து, லியோனியைப் பார்த்தார். பிறகு புன்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அடி பாவி! அம்பத்தெட்டு வருஷமா ஒரு பொம்பளையை முசியே முசியேன்னு கூப்பிட்டிருக்கியே!"

"ஏன், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்? முப்பது வருஷமா இந்தச் சுவத்துல சாஞ்சு நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"நான் முதுகைத்தானே பார்த்தேன். நூத்தியிருபது கிலோவைக் கவுத்துப் போட்டா பார்க்க முடியும்?"

ஸீட்டாவுக்குத்தான் மூளை சட்டென்று ஓடியது. "அது கிடக்கட்டும். அப்பன் யாரு?" என்றாள்.

எல்லாத் தலையும் ஒன்றாகச் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே ரெஜிஸின் ஆமை ஜெனரல் வாழைத்தண்டை மென்றுகொண்டிருந்தது. இரண்டு வருஷம் முன்பு பெருமழையில் சுவர் சரிந்து, ஜெனரல் மூன்று நாள் இந்தப் பக்கம் வந்து கிடந்தது. அப்போது உறுமலும் முனகலும் ஓடு மோதுகிற சத்தமும் தெருவரை கேட்டது. இரண்டு கடாவும் சண்டை போடுகின்றன என்று சொல்லி, லியோனிதான் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி விலக்கிவிட்டாள்.

"தண்ணி ஊத்தினியே புண்ணியவதி," என்றாள் ஸீட்டா. "என் புருஷன்மேல எவளாவது அப்படி ஊத்தியிருந்தா எனக்குப் பாதிப் பிரசவம் மிச்சமாகியிருக்கும்."

வெறும் வாயை மெல்கிற ஊருக்கு ஒரு படி அவல் கிடைத்தது. கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும், ஐயாவை அம்மாவாக்கி, மதாம் சௌக்கியமா என்று கேட்டார்கள். லியோனிக்குக் கோபம் வரவில்லை. அவளிடம் யாராவது நின்று பேசியே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிரேலிடம் சொன்னாள். மிரேல் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் பெண் என்று அந்த ஊரில் முன்பே சொல்லிவிடுகிறார்கள். "நம்ம முசியேயா? முட்டையா?" என்று அவள் போனுக்குள் கத்திய கத்தலில் லியோனிக்கு அந்தத் துணிப்பைச் சிறுமி திரும்ப வந்தது போலிருந்தது.

"பெரியம்மா, இங்க பாருங்க. ஒரு குட்டி என் பொண்ணுக்கு. எடுத்து வச்சிடுங்க. அறுக்கறதுக்கு இல்ல, சும்மா, அவ பேர்ல. அவளுக்குன்னு ஊர்ல ஒண்ணு வேணும்ல?"

"எப்ப வந்து பார்ப்பா?"

"முட்டை எப்பப் பொரியும்?"

"ரெஜிஸ் அண்ணன் கேட்டுட்டு வந்து சொன்னாரு. டிசம்பர் ஆகுமாம்."

"அப்ப டிசம்பர்ல வரோம். கிறிஸ்துமஸ் அங்கதான். குட்டி காத்துக்கிட்டிருக்கும்போது வராம இருக்க முடியுமா?"

மிரேல் ஊருக்கு வந்து ஏழு வருஷம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஏழு தடவை சொல்லியாகிவிட்டது. ஆனால் காரணம் சொல்லி, மாதம் சொல்லி வருகிறேன் என்றது இதுதான் முதல் தடவை. முட்டை பொரிந்தால் பெண் வருவாள் என்று லியோனி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சில் தன் உயிரையே கட்டித் தொங்கவிட்டாள் என்று சொன்னாலும் மிகை இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குஞ்சு பொரிக்க வைப்பதில் லியோனியின் கைராசி ஊரறிந்தது. பன்னிரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டும் பொரியும். அடைக்கோழி செத்துப்போன முட்டைகளைக் கூட அடுப்பங்கரைச் சூட்டில் வைத்து, தானே கோழியாகி, காலையும் மாலையும் புரட்டிப் புரட்டிக் குஞ்சு எடுத்திருக்கிறாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவளைப் போல வேளை தவறாமல் யாராலும் முடியாது. பிள்ளைகுட்டிக்காரிகளுக்கு நேரம் ஏது?

அந்தக் கையைத்தான் முசியேயின் முட்டைகளிலும் வைத்தாள். மண்ணில் விட்டால் எலியும் நண்டும் விட்டுவைக்காது என்று உடையாத பதின்மூன்றையும் தோண்டி எடுத்தாள். கிணற்றுத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். தாழை ஓலைக் கூடையில் கடல் மணல் பரப்பி அடுக்கினாள். அடுப்புத் திட்டில், சூடு படும், நெருப்பு படாத தூரத்தில் வைத்தாள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் வட்டம். காலையில் சிலுவை மேலே. மாலையில் வட்டம் மேலே.

ரெஜிஸ் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "லியோனி, இது கோழி இல்லையே."

"முட்டைன்னா முட்டைதானே அண்ணே."

"இல்ல, அந்த மனுஷி குழியில போட்டு மூடிட்டுப் போயிடுதே. வந்து புரட்டவா செய்யுது?"

"அதுக்குக் கை இல்ல, புரட்டல. எனக்கு இருக்கு."

ரெஜிஸ் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். கைராசிக்காரியிடம் யார் வாதாடுவார்கள்?

ஒரு வாரத்தில் ஐந்து முட்டைகளில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. லியோனி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. ஏதோ நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் முதலில் கூடைக்குப் போவாள். "எழுந்திருங்க, சிலுவைப் பக்கம் வந்தாச்சு" என்பாள். மாலையில், "திரும்பிப் படுங்க, வட்டம்" என்பாள். நடுவில் சீமைப்பலாவைச் சுட்டுக்கொண்டே ஊர்க்கதை சொல்வாள். ஓர் ஆள் சமையலுக்கு இவ்வளவு நேரம் அடுப்பங்கரையில் நிற்பது அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது.

ஆகஸ்டில் மிரேலுக்குக் குழந்தை பிறந்தது. எலோடி என்று பெயர். ரெஜிஸின் பேத்தி தன் செல்போனில் அழைத்துக் காட்டினாள். சிவப்பாய், கண்மூடி, வாயை மட்டும் அசைத்தபடி. லியோனி அந்தச் செல்போனைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடி, கூடையைக் காட்டினாள். "பாரு, பாரு, உன் ஆளு இதுக்குள்ளதான் இருக்கு."

மிரேலின் பழைய அறைக்கு வெள்ளையடித்தாள். தச்சரிடம் சொல்லி ஒரு தொட்டில் செய்தாள். பட்டியின் மூலையில் சின்னதாக ஒரு தடுப்பு கட்டி, கூரை ஓட்டுத் துண்டு ஒன்றில் எலோடி என்று வண்ணத்தில் எழுதிச் சாத்தி வைத்தாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஆமைக் கணக்கெடுக்கிற பெண் வந்தாள். லிண்டி என்று பெயர், முப்பது வயதிருக்கும். வருஷம் ஒருமுறை வீடு வீடாக வந்து, எத்தனை ஆமை, உயிரோடு இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போவாள். லியோனி அவளைப் பட்டிக்கே விடவில்லை. கையைப் பிடித்து நேராக அடுப்பங்கரைக்கு இழுத்துப் போனாள்.

"அம்பது நாளாச்சு. ஒரு வேளை தவறல."

லிண்டி குனிந்து ஒரு முட்டையைப் பார்த்தாள். தொடாமல் பார்த்தாள். சிலுவையைப் பார்த்தாள், பக்கத்து முட்டையைப் பார்த்தாள்.

"மேல்பக்கம் தெரியறதுக்குக் குறி போட்டிருக்கீங்க. நல்ல வேலை அக்கா. எல்லாரும் மறந்துடுவாங்க."

"ஒரு பக்கம் மட்டும் இல்லம்மா, ரெண்டு பக்கமும் போட்டிருக்கேன். கீழ வட்டம் இருக்கு. காலையில ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம். நானே புரட்டறேன்."

லிண்டி நிமிரவில்லை.

"என்னம்மா?"

"அக்கா, வெளிச்சத்துல வச்சுப் பார்க்கலாமா?"

ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சை அடியில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெள்ளைத் திட்டு விழுந்த ஐந்தையும் தனியாக எடுத்து வைத்தாள். அவற்றை இரண்டாம் முறை பார்த்தாள், மூன்றாம் முறையும் பார்த்தாள். நல்ல பெண். சொல்லாமலே போய்விடலாம் என்று கூட நினைத்திருப்பாள்.

"இந்த எட்டும் ஆரம்பத்துலேயே வெறும் முட்டைதான். இந்த அஞ்சுல உயிர் பிடிச்சிருந்துச்சு. வெள்ளையா திட்டு விழுந்தா அதான் அர்த்தம்."

"பிடிச்சிருந்துச்சுன்னா?"

"ஆமைக் குட்டி உள்ள மேல் ஓட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வளரும் அக்கா. கோழி மாதிரி புரட்டக்கூடாது. அம்மா எப்படிப் போட்டுச்சோ அப்படியே இருக்கணும். புரட்டினா..."

"உடைச்சுக் காட்டு."

"வேண்டாம் அக்கா."

"நான் பார்க்கணும். காட்டு."

லிண்டி ஒன்றை உடைத்துத் தட்டில் ஊற்றினாள். கருவுக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று சுருண்டிருந்தது. இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்.

லியோனி அழவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஐம்பது நாள், நாளைக்கு இரண்டு தடவை. எலி தின்றிருந்தால் எலியைத் திட்டலாம். நண்டு தின்றிருந்தால் நண்டைத் திட்டலாம். பெற்றவள் கூட விட்டுவிட்டுப் போனதை, விடாமல் பார்த்துப் பார்த்துக் கொன்றது அவள்தான். ஊரே மெச்சிய கை.

கிளம்பும்போது லிண்டி சொன்னாள். "பொட்டை ஆமை ஆணோட விதையை வருஷக்கணக்கா உள்ளேயே வச்சிருக்கும் அக்கா. ஒரு தடவை சேர்ந்தாப் போதும். திரும்பப் போடலாம். போட்டா அந்த இடத்துலேயே விட்டுடுங்க. மேல கம்பிவலை மட்டும் போடுங்க. கையே வைக்காதீங்க."

முட்டைகளைப் புன்னை மரத்தடியில் புதைத்தாள். அன்று முதல் அடுப்பங்கரையில் சீக்கிரம் வேலை முடிந்தது. காலையில் விழித்ததும் கை தானாகக் கூடையை நோக்கிப் போகும். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கவுனில் துடைத்துக்கொள்ளும்.

ரெஜிஸ் மூன்று நாள் கழித்துச் சுவரில் சாய்ந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. அதிலும் அவர் வகையில் ஜெனரலின் வாரிசு.

"லியோனி, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பிரஸ்லின் தீவுல என் மச்சான் பட்டியில போன வருஷக் குட்டி ஏழு இருக்கு. டிசம்பர்ல ஒண்ணைக் கொண்டாந்து விடறேன். குட்டிக்குக் குட்டி. எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதானே, எவ கண்டுபிடிப்பா?"

"அது வேற ஒருத்தியோட குட்டி."

"மிரேல் மட்டும் நீ பெத்ததா? வளர்க்கலியா?"

அந்த வார்த்தை அவளை ஆட்டிவிட்டது. இரண்டு வாரம் யோசித்தாள். பொய் சொன்னால் பெண் வருவாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கு நஷ்டம்? பட்டியின் மூலையில் எலோடி என்று எழுதிய ஓட்டுத் துண்டு தயாராக நின்றது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தட்டில் இருந்த அந்த இரண்டு கறுப்புப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. அந்தக் குழந்தையிடம் அவள் கொடுக்கப்போகிற முதல் பொருளே பொய்யாக இருக்கும்.

ஞாயிறு நான்கு மணிக்குப் போன் வந்தது. மிரேல் வாயைத் திறக்குமுன் லியோனி சொல்லிவிட்டாள்.

"மிரேல், குட்டி இல்லம்மா. நான் கோழி முட்டை மாதிரி தினம் புரட்டிட்டேன். புரட்டக்கூடாதாம். எல்லாம் செத்துப்போச்சு. என் கையாலதான்."

அந்தப் பக்கம் பின்னால் குழந்தை முனகியது. பிறகு மிரேல் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பதினெட்டு வருஷம் வளர்த்தவளுக்கு அது என்ன மூச்சு என்று தெரியாதா? பரீட்சை தள்ளிப்போனால் விடுவாளே, அதே மூச்சு.

"அய்யோ பாவம் பெரியம்மா... மனசுல வச்சுக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு வாரமா முழுங்கிக்கிட்டிருந்தேன். டிசம்பர்ல கிரெய்க்குக்கு லீவு இல்ல. டிக்கெட்டும் நெருப்பு விலை. குட்டி வேற காத்துக்கிட்டிருக்கு, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்ப... இப்பப் பரவால்ல, இல்லியா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"பரவால்லம்மா," என்றாள் லியோனி. "குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?"

இருபது நிமிஷமும் பேசினாள். குழந்தை எத்தனை கிலோ, பால் எத்தனை தடவை, எல்லாம் கேட்டாள். போனை வைத்துவிட்டுப் பட்டிக்குப் போய் முசியேயின் ஓட்டின்மேல் உட்கார்ந்தாள். சின்ன வயதில் உட்கார்ந்ததோடு சரி. முசியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தது.

"உன்னைத் திங்க ஒரு கல்யாணம் வரல," என்றாள் அதனிடம். "உன் குட்டியைப் பார்க்க ஒரு பிள்ளையும் வரல. நாம ரெண்டு பேரும் எதுக்குத்தான் வளர்ந்தோம்?"

அப்போதுதான் அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு பேருடைய சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்து போனது. ஸீட்டா ஒரு கிண்ணம் பேய்க்கணவாய்க் கறியும், தேங்காய்ப்பாலில் காய்ச்சிய வாழைப்பழமும் சுவருக்கு மேலாக நீட்டினாள். வெள்ளையடித்த அறைக் கதவு சாத்தியே கிடந்தது. போன் ஞாயிறுதோறும் வந்தது. லியோனி மூன்றரைக்கு முகம் கழுவுவதும் நிற்கவில்லை.

இந்த ஜூலையில் முசியே மறுபடி சாப்பிடுவதை நிறுத்தியது. லியோனி பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ரெஜிஸ் கேட்டபோது வயிற்றுக்கோளாறு என்றாள். கடையில் ஒரு முழம் கம்பிவலை வாங்கி வைத்தாள். முசியே சுவரை ஒட்டி நடந்தது. இரண்டு குழி தோண்டிக் கைவிட்டது. மூன்றாவதைக் கைவிடவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்கிற நேரம். லியோனி முக்காலியைக் கொண்டுபோய்ப் பின்பக்கமாக, அதன் கண்ணில் படாத இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். நகர்ந்தால் நிறுத்திவிடும் என்று பயம். மூச்சைக் கூட மெதுவாக விட்டாள். முதல் முட்டை விழுந்தது. விழுந்து, கொஞ்சம் உருண்டு, முட்டுக்கொடுத்து நின்றது. அதில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிடலாமா, சரியாக வைக்கலாமா என்று கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு. மூன்று. நான்கு.

வீட்டுக்குள் போன் அடித்தது.

முசியே நின்றது. கழுத்தைப் பாதி இழுத்துக்கொண்டு கேட்டது. லியோனிக்கு உடம்பு முழுக்க எழுந்துவிட்டது, கால் மட்டும் எழவில்லை. ஐந்தாறு எட்டு வைத்தால் கூடம். போனுக்குள் எலோடி இருப்பாள், இப்போது தவழ்கிறாளாம், போன வாரம் மேஜையைப் பிடித்து நின்றாளாம். எடுக்காவிட்டால் பயப்படுவார்கள். எடுக்கப் போனால் இது எழுந்து போய்விடும். பத்து வருஷத்தில் ஒரு ஞாயிறு கூட அவள் இரண்டாவது மணி வரை விட்டதில்லை.

மணி அடித்தது, அடித்தது, நின்றது. ஒரு நிமிஷம் கழித்துத் திரும்ப அடித்து அதுவும் நின்றது.

"நீ போடு," என்றாள் லியோனி மெல்ல. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

முசியே பின்னங்காலைச் சரிசெய்துகொண்டது. ஐந்தாவது முட்டை விழுந்தது.